41 டிகிரியில் இளகும் பொடி: வாசகர் கேள்விகள்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "சோதனைச்சாலையில் நான் அதிகம் புழங்கிய பொருள் டி.பி.பி.சி. என்ற வெள்ளைப் பொடி. என் 22 வருட வேலையில் பாதி அதோடுதான் போனது" என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப சந்தோஷம். இந்த மாதம் முழுக்க அந்தப் பொடியைப் பற்றியே பேசுவோம்.

அது என்ன பொருள்? பத்தாவது படித்த எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?
வாசகர், திருவண்ணாமலை

தாராளமாக. முழுப் பெயர் டைபால்மிட்டாயில் பாஸ்பாடிடைல்கோலின். பெயரைப் பிரித்துவிட்டால் பயம் போய்விடும். 'டை' என்றால் இரண்டு. 'பால்மிட்டாயில்' என்பது பாமாயிலில் நிறைய இருக்கிற பால்மிட்டிக் அமிலத்தின் சங்கிலி, 16 கார்பன் அணுக்களை வரிசையாகக் கோத்தது. கிளிசரின் மூலக்கூறுக்கு மூன்று கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளில் இந்தச் சங்கிலிகள், மூன்றாவது கையில் பாஸ்பேட், அதன் நுனியில் கோலின்.

துணி காயப்போடும் மரக் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு தலை, கீழே இரண்டு கால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், கால்களுக்கு ஆகவே ஆகாது. இப்படிப்பட்ட கோடிக்கணக்கான கிளிப்புகளைத் தண்ணீரில் விட்டால், கால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே நீட்டி, இரண்டு வரிசையாகத் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். அந்த இரட்டை அடுக்கின் தடிமன் சுமார் 4 முதல் 5 நானோமீட்டர். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் உறையும் இந்த மாதிரி இரட்டை அடுக்குதான்.

சரி, இந்தப் பொடியில் அப்படி என்ன விசேஷம்? மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, உறைந்து கிடக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். டி.பி.பி.சி.யின் கால்களுக்கும் அப்படி ஒரு சூடு உண்டு. தண்ணீரில் அடுக்காக நிற்கும்போது 41 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அவை விறைத்து நேராக நிற்கும். அதைத் தாண்டியதும் தளர்ந்து, துவண்டு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர ஆரம்பிக்கும். இடையில் இழுபறி கிடையாது, ஓரிரு டிகிரிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சங்கிலியை 14 கார்பனாகக் குறைத்தால் அந்த எண் 24க்கு இறங்கிவிடும். 18 ஆக்கினால் 55க்கு ஏறும். இரண்டு சங்கிலிகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலீயிக் அமிலச் சங்கிலியைப் போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2க்குப் போய்விடும். அந்த ஒரு வளைவு போதும், பக்கத்தில் இருப்பவை நெருங்கி நிற்க முடியாது.

1840களில் நிக்கோலா தியோடர் கோப்லி என்ற பிரெஞ்சு மருந்தாளர் முட்டை மஞ்சள் கருவிலிருந்து இந்தக் குடும்பத்துப் பொருளைப் பிரித்தார். பிற்பாடு அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார், மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. ஆனால் முட்டை லெசித்தினில் சங்கிலிகள் பலவிதம். நீளம் வேறு, வளைவு வேறு. காற்றுப் பட்டால் காறிப்போகும். டி.பி.பி.சி.யில் எல்லா மூலக்கூறும் ஒரே அச்சு. இரட்டைப் பிணைப்பே இல்லாததால் சிக்கு வாடை வராது. இன்று நான் அளந்தாலும் அடுத்த வருடம் இன்னொருவர் அளந்தாலும் அதே 41. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக டி.பி.பி.சி. வைத்து லிப்போசோம் செய்கிறேன். மூன்று முறையும் கட்டி கட்டியாக வந்து எக்ஸ்ட்ரூடர் ஃபில்ட்டர் அடைத்துக்கொண்டது. ஒரு ஃபில்ட்டர் கிழிந்தே போய்விட்டது. கைடு "கவனமாகச் செய்" என்கிறார். எங்கே தப்பு என்று தெரியவில்லை.
மாணவி, காரைக்குடி

மற்ற வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: லிப்போசோம் என்பது நான் சொன்ன இரட்டை அடுக்கு உருண்டையாக மூடிக்கொண்ட நுண்ணிய பை. அதை நுண்துளை ஃபில்ட்டர் வழியாகத் தள்ளி ஒரே அளவாக்கும் கருவி எக்ஸ்ட்ரூடர். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய செய்முறைக் குறிப்பை இரண்டு தடவை படித்தேன். கவனக்குறைவு ஒன்றும் இல்லைம்மா, மனதைத் தளரவிடாதீர்கள். "பஃபர் சேர்த்து, ரூம் டெம்பரேச்சரில் வோர்டெக்ஸ் செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, அமிலத்தன்மை மாறாத கரைசலை ஊற்றி, அறைச் சூட்டிலேயே கருவியில் வைத்துக் குலுக்கியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான். ஏ.சி. ஓடுகிற லேபில் ரூம் டெம்பரேச்சர் என்றால் 22, 24 டிகிரி. அந்தச் சூட்டில் உங்கள் டி.பி.பி.சி. உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி கிடக்கிறது. தண்ணீர் உள்ளே புகவே புகாது. எவ்வளவு குலுக்கினாலும் செதில் செதிலாக உடையுமே தவிர, உருண்டையாக மூடிக்கொள்ளாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் பாட்டில். மைனஸ் 20 ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். டெசிகேட்டரில், அதாவது ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மழை நாளில், எடுத்த கையோடு மூடியைத் திறந்தேன். குளிர்ந்த பொடி மேல் காற்றிலிருந்த ஈரம் இறங்கி, கண் முன்னாலேயே ஓரத்தில் பிசுபிசுவென்று மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்புறம் எடை போட்டால் பொடியின் எடையோடு தண்ணீரின் எடையும் சேர்ந்து வருகிறது. 50 மில்லிகிராம் பாட்டில், மொத்தமும் நம்ப முடியாததாகிப்போனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எடை போட்ட பொடியை ரவுண்ட் பாட்டம் ஃப்ளாஸ்கில் குளோரோஃபார்மில் கரையுங்கள். மூலக்கூறு எடை 734. 10 மில்லிகிராம் எடுத்து 1 மில்லி பஃபரில் முடித்தால் ஏறத்தாழ 13.6 மில்லிமோலார் செறிவு வரும், உங்கள் வேலைக்கு அது போதும். குளோரோஃபார்ம் படும் எதிலும் பிளாஸ்டிக் கூடாது. பிளாஸ்டிக் டிப்பில் எடுத்தால் டிப்பிலிருந்து கரைந்து வருவதும் உங்கள் லிப்போசோமுக்குள் போய்ச் சேரும். கண்ணாடி சிரிஞ்சு, டெஃப்லான் உள்மூடி உள்ள பாட்டில், எல்லாம் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள்.

குளோரோஃபார்மை ஆவியாக்கும் ரோட்டாவேப் கருவியில் ஃப்ளாஸ்க் சுற்றச் சுற்ற, உட்சுவரில் பால் ஏடு மாதிரி மெல்லிய படலம் பிடிக்கும். படலம் எவ்வளவு பரவலாக, மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வேக்குவத்தில் வையுங்கள். காய்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் உள்ளே குளோரோஃபார்ம் மிச்சம் இருக்கும். மூக்கை வைத்துச் சோதிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

இப்போது முக்கியமான கட்டம். பஃபரை முன்கூட்டியே 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்கையும் அதே சூட்டு வாட்டர் பாத்தில் வைத்து, அப்புறம் ஊற்றுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், நடுநடுவே சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படலம் சுவரைவிட்டு மெதுவாக உரிந்து, தண்ணீர் கழுநீர் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் மாறுவதை நூறு முறையாவது பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்ப்பேன்.

எக்ஸ்ட்ரூடரின் உலோகக் கட்டையும் சூடாக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் 50இல் இருந்து, கட்டை 25இல் இருந்தால், ஃபில்ட்டரின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் ஃபில்ட்டர் கிழிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். எக்ஸ்ட்ரூடரில் போடுவதற்கு முன்னால் நாலைந்து முறை உறையவைத்து இளக்கினால் தள்ளுவது இன்னும் சுலபம். 100 நானோமீட்டர் ஃபில்ட்டரில் 11 முறையோ 21 முறையோ தள்ளுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் சரக்கு எதிர்ப்பக்க சிரிஞ்சில் வந்து நிற்கும். ஒரு தடவைகூட ஃபில்ட்டர் வழியாகப் போகாத கட்டிகள் முதல் சிரிஞ்சிலேயே தங்கிவிடும்.

இன்னும் ஒன்று. வாட்டர் பாத் காட்டுகிற எண்ணை நம்பிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டிஸ்ப்ளே 45 காட்டியது. ஆறு வாரம் ஒரு முடிவும் ஒத்துவரவில்லை. பஃபரை மாற்றினேன், பொடியை மாற்றினேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன். ஒரு நாள் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தால் 38. ஏழு டிகிரி வித்தியாசம் வேறு எந்த வேலையிலாவது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். இந்தப் பொடிக்கு 38 ஒரு உலகம், 45 வேறு உலகம். முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் மற்றதெல்லாம். அடுத்த முறை சரியாக வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

என் பெண் 30 வாரத்தில் பிறந்தாள். மூச்சு விட முடியாமல் நீலம் பாய்ந்துவிட்டது. நுரையீரலுக்கு மருந்து என்று வெள்ளையாக ஒன்றைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். சில மணி நேரத்தில் நிறம் திரும்பியது. இப்போது அவளுக்கு நாலு வயது. அந்த மருந்தில் டி.பி.பி.சி. இருந்தது என்று ஒருவர் சொன்னார். நீங்கள் எழுதிய பொடிதானா அது?
வாசகி, கோவில்பட்டி

அதேதான், சகோதரி. உங்கள் கடிதத்தை என் மேஜையில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலின் கடைசி முனைகளில் நுண்ணிய காற்றறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் உட்சுவர் எப்போதும் ஈரம். ஈரம் என்றால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை இருக்கும், கண்ணாடி மேல் நீர்த்துளியைச் சுருட்டி உருண்டையாக்குகிற அதே விசை. ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் அது காற்றறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். மூடிவிட்டால் அடுத்த மூச்சில் அதைத் திறக்க ரொம்ப பலம் வேண்டும். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள குழந்தைக்கு அந்த பலம் எங்கிருந்து வரும்?

அதனால் நுரையீரலே ஒரு கலவையைச் சுரந்து அந்த ஈரத்தின் மேல் போர்த்துகிறது. பெயர் சர்ஃபக்டன்ட். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் டி.பி.பி.சி. மூச்சை விடும்போது காற்றறை சுருங்க, இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். உடம்பின் சூடு 37, இவை இளகும் சூடு 41. அதனால் நெருக்கினால் விறைத்த பாய் மாதிரி நின்று தாங்கும், இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே வந்துவிடும். 37க்குக் கீழே இளகுகிற பொருளாக இருந்திருந்தால் நழுவி மடங்கிப்போயிருக்கும். இதை முதன்முதலில் படித்த அன்று, நான் தினமும் வாட்டர் பாத்தில் பார்த்துக்கொண்டிருந்த 41 என்ற எண்ணின் அருமை எனக்குப் புரிந்தது.

அந்த விறைப்புக்கு ஒரு பாதகமும் உண்டு. அடுத்த மூச்சை இழுக்கும்போது அது சட்டென்று பரவாது, மந்தமாக இருக்கும். அதைப் பரப்பிவிடத்தான் எஸ்.பி.பி., எஸ்.பி.சி. என்ற இரண்டு சின்னப் புரதங்களும், வளைந்த சங்கிலியுள்ள மற்ற லிப்பிடுகளும் (கொழுப்பு வகைப் பொருள்களும்) கூடவே இருக்கின்றன. தனி டி.பி.பி.சி. மட்டும் நல்ல மருந்தாகாததற்கும் அதுதான் காரணம்.

குழந்தை வயிற்றில் 24 வாரம் வாக்கில் நுரையீரல் இதைச் சுரக்க ஆரம்பிக்கும். போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். உங்கள் மகள் அதற்கு முன்பே வந்துவிட்டாள். "ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நுரையீரலைப் பொறுத்தவரை அது சரியில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். யாராவது கர்ப்பிணியிடம் இதைச் சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள்.

1950கள் வரை இப்படி இறந்த குழந்தைகளுக்கு என்ன குறை என்றே தெரியாது. நுரையீரலைத் திறந்தால் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு படலம் தெரியும், அதனால் 'ஹயலின் மெம்ப்ரேன் நோய்' என்றார்கள். மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். வேறு காரணத்தால் இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நுரை இருந்தது, இந்தக் குழந்தைகளிடம் நுரையே இல்லை. இருக்கிற ஒன்றைப் பார்ப்பது சுலபம், இல்லாத ஒன்றைப் பார்க்க எப்பேர்ப்பட்ட கண் வேண்டும்! நுரையீரல் சாற்றின் இழுவிசையை அளக்கும் கருவியை ஜான் கிளெமென்ட்ஸ் செய்து வைத்திருந்தார். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து, பாஸ்டனில் ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து 1959இல் ஏவரி வெளியிட்டார்: இந்தக் குழந்தைகளுக்கு சர்ஃபக்டன்ட் போதவில்லை.

காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். 39 மணி நேரம் இருந்தான். நாட்டின் தலைவரின் மகனுக்கே கொடுக்க ஒன்றும் இல்லாத காலம் அது.

1979இல் என் அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பையன் பிறந்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. மார்புக்கூடு உள்ளே இழுத்து இழுத்து வாங்கியதும், ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் முனகியதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு நாள். பெயர் வைக்கவில்லை. அந்த முனகல், காற்றறைகள் மூடிவிடாமல் இருக்கக் குழந்தை தானே தொண்டையை இறுக்கிக் காற்றைப் பிடித்து வைக்கும் முயற்சி என்று பிற்பாடு படித்தேன். அடுத்த வருடமே, 1980இல், ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபக்டன்ட்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பலன் கண்டதாக வெளியிட்டது.

1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை. சோதனைச்சாலையில் செய்த டி.பி.பி.சி.யோடு, பரவுவதற்கு உதவியாக ஒரு கொழுப்பு ஆல்கஹாலும் இன்னொரு பொருளும் கலந்தது. பிற்பாடு மாடு, பன்றி நுரையீரலிலிருந்து எடுத்தவை அதை முந்திவிட்டன, அந்தப் புரதங்கள் அவற்றில் இருப்பதால். மாட்டுச் சாற்றில் தனியாக டி.பி.பி.சி.யைச் சேர்த்துத் தயாரிப்பதும் உண்டு. உங்கள் மகளுக்குக் கொடுத்தது எது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்.

பிரசவத்துக்கு முன்னால் உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதுவும் இதே வேலைக்குத்தான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் அதை நிறுவினார்கள். ஆட்டுக்குட்டிகளில் ஆரம்பித்த ஆராய்ச்சி அது. உங்கள் மகளுக்கு என் ஆசிகள்.

பிஸ்கட் பாக்கெட்டில் 'எமல்சிஃபையர் 322' என்று போட்டிருக்கிறது. லெசித்தின் என்கிறார்கள். அப்படியானால் லெசித்தின் மாத்திரை சாப்பிட்டால் நுரையீரலுக்கு நல்லதா?
வாசகர், விருதுநகர்

322 லெசித்தின்தான், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. டி.பி.பி.சி.யின் குடும்பம், ஆனால் பலவகை பாஸ்போலிப்பிடுகளின், அதாவது பாஸ்பேட் தலையுள்ள கொழுப்புகளின் கலவை. மாவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும். சாப்பிட்டால் குடலில் நொதிகள் அதை வெட்டிவிடும், அப்படியே நுரையீரலுக்குப் போய்ச் சேராது. நுரையீரல் செல்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும். அந்த நம்பிக்கையில் காசைச் செலவழிக்காதீர்கள்.

கோவிட் சமயத்தில் இங்கே எங்களுக்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிதான் போட்டார்கள். அதிலும் இது உண்டா?
வாசகர், சிங்கப்பூர்

இதன் அண்ணன் உண்டு. ஃபைசர், மாடர்னா இரண்டிலும் 18 கார்பன் சங்கிலியுள்ள டி.எஸ்.பி.சி. இருக்கிறது. 55 டிகிரி வரை இளகாதவன், அதனால் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமக்கும் லிப்பிட் நுண்ணுருண்டை குலையாமல் நிற்கத் துணை செய்கிறான். இந்தியாவில் பெரும்பாலோருக்குப் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டும் வேறு வகை, அவற்றில் இந்த லிப்பிட் உருண்டை கிடையாது. ஆனால் 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது, லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசிக்காக மக்கள் ஊர் ஊராக அலைந்தது நினைவிருக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தைப் பாஸ்போலிப்பிட் உருண்டைக்குள் வைத்து, அந்தக் கெடுதலைக் குறைத்த ஊசி அது.

அந்த உருண்டைகளின் கதை கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரஹாமில் ஆரம்பிக்கிறது. அலெக் பேங்கம் 1961இல், ஹார்ன் என்பவரோடு சேர்ந்து, புது எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் லெசித்தினைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். வெட்டிய வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வட்டங்கள். செல்லின் உறை இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குப் பிடிபட்டது. லிப்போசோம் என்ற பெயரை 1968இல் ஜெரால்ட் வைஸ்மன் குழுதான் வைத்தது. அதே பேங்கம் பிற்பாடு குறைமாதக் குழந்தைகளுக்காக, டி.பி.பி.சி. ஏழு பங்கு, பாஸ்பாடிடைல்கிளிசரால் மூன்று பங்கு சேர்த்து ஒரு மருந்தும் செய்தார்.

41ஐ நேரடியாகப் பயன்படுத்தும் யோசனையும் உண்டு. டி.பி.பி.சி. உருண்டை இளகும் தருணத்தில்தான் மிக அதிகமாக ஒழுகும். அதற்குள் மருந்தை வைத்து, புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கினால் மருந்து அங்கே மட்டும் இறங்குமே என்று யாட்வின் குழு 1978இல் எழுதியது. இன்றும் அதன் மேல் வேலை நடக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

பாம்பு விஷம் இந்தப் பொருளைக் கரைக்கும் என்று எங்கள் சார் சொன்னார். எப்படி?
ப்ளஸ் டூ மாணவன், செய்யாறு

கரைக்காது தம்பி, வெட்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷங்களில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது. தேனீயின் கொடுக்கிலும் உண்டு. நான் முதலில் சொன்ன துணி கிளிப்பின் இரண்டு கால்களில் ஒன்றை அது வெட்டிவிடும். மிச்சம் ஒற்றைக் காலோடு நிற்பதற்குப் பெயர் லைசோலெசித்தின். அது சோப்பு மாதிரி நடந்துகொள்ளும், அதிகமானால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். லைசோ என்ற பெயரே உடைப்பதிலிருந்து வந்ததுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டி.பி.பி.சி. அடுக்கின் மேல் இந்த நொதியை விட்டால், 41 டிகிரி வாக்கில்தான் அது மிக வேகமாக வெட்டும். உறைந்த திட்டும் இளகிய திட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நேரம் அது. இரண்டும் சேரும் ஓரத்தில் அடுக்கு சரியாகப் பொருந்தாது, நொதி அந்த இடுக்கில் நுழைந்துவிடுகிறது.

இந்தத் துறையில் பெண்கள் யாராவது? என் மகளுக்குச் சொல்ல வேண்டும்.
வாசகி, யாழ்ப்பாணம்

ஏவரியை மேலே சொல்லிவிட்டேன். அவருக்கும் முன்னால் ஆக்னஸ் போக்கெல்ஸ். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்காத காலம். நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டி, குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் படலம் நெருங்கும். ஒரு பொத்தானைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டவைத்து, அதைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் அளந்தார். இழுவிசையை அளக்க அவர் கண்ட வழி அது. 1891இல் ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுத, அவர் அதை 'நேச்சர்' இதழில் வெளியிட வைத்தார்.

அந்தத் தொட்டியின் வழியில் வந்ததுதான் லாங்மியூரின் தொட்டி. அவருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. அந்த முறையில்தான் 1925இல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்த அணுக்களின் லிப்பிடைத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, அதனால் உறை இரட்டை அடுக்கு என்றார்கள். கிளெமென்ட்ஸ் நுரையீரல் சாற்றை அளந்த கருவியும் இந்த வகைதான். இன்று டி.பி.பி.சி. படலத்தை நெருக்கி அளக்கும் ஒவ்வொரு லேபிலும் போக்கெல்ஸின் தகரப் பட்டை இருக்கிறது என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

எங்கள் கல்லூரி ஃப்ரீஸரில் 2014 என்று எழுதிய டி.பி.பி.சி. பாட்டில் ஒன்று கிடக்கிறது. பயன்படுத்தலாமா?
விரிவுரையாளர், நாகர்கோவில்

காற்று இதை ஒன்றும் செய்யாது, ஈரம்தான் செய்யும். கரன்ட் போய்ப் போய் வந்திருந்தால், உள்ளே ஈரம் இறங்கி, ஒரு சங்கிலி கழன்று லைசோவாக மாறியிருக்கலாம். டி.எல்.சி., அதாவது கலவையிலுள்ள பொருள்களைப் பிளேட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் சோதனை, போட்டுப் பார்த்துவிடுங்கள். கரைப்பானில் குளோரோஃபார்ம் 65 பங்கு, மெத்தனால் 25, தண்ணீர் 4. சிலிக்கா பிளேட்டில் பக்கத்திலேயே புதுப் பொடி ஒரு புள்ளி வையுங்கள். அயோடின் ஆவியை மட்டும் நம்ப வேண்டாம், இரட்டைப் பிணைப்பு இல்லாததால் சாயம் மங்கலாகத்தான் பிடிக்கும். மாலிப்டினம் ப்ளூ தெளித்தால் பாஸ்பரஸ் உள்ள இடம் நீலமாகும்.

ஒரே ஒரு நீலப் புள்ளி, புதியதோடு ஒரே உயரத்தில் நின்றால் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இரண்டாவது புள்ளி தெரிந்தால் அதுதான் லைசோ. அந்தப் பாட்டிலை ஆராய்ச்சிக்குத் தொடாமல், டி.எல்.சி. பழகும் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒற்றைக் கால் எங்கே நிற்கிறது, இரட்டைக் கால் எங்கே நிற்கிறது என்று தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள்.